தரங்கம்பாடியில் உண்மையில் பழையது எது? அரை நாளில் நடந்து பார்க்க ஒரு வழி

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வயதான அப்பா அம்மாவோடு தரங்கம்பாடி வருகிறீர்கள், கையில் அரை நாள் இருக்கிறது, கோட்டையைத் தவிர நடந்து பார்க்க என்ன இருக்கிறது, எந்த வரிசையில் பார்ப்பது. கூடவே ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். இணையத்தில் ஒருவர் ஒரு ஆண்டைச் சொல்கிறார், பலகையில் வேறு ஆண்டு இருக்கிறது, வழிகாட்டி மூன்றாவதாக ஒன்று சொல்கிறார், எதை நம்புவது என்று. வந்திருக்கும் பதில்கள் எல்லாம் முதல் கேள்விக்குத்தான். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் வரிசை தானாக அமைந்துவிடும்.

நான் படித்தது கட்டடப் பொறியியல். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுண்ணாம்புக் காரைக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். மாணவர்களை அழைத்துக்கொண்டு தரங்கம்பாடித் தெருக்களில் பலமுறை நடந்திருக்கிறேன். சுவர், கூரை, பூச்சு பற்றி நான் சொல்வதைக் கையால் தொட்டுப் பார்த்த அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம். கல்வெட்டும், 1620இல் இங்கே வந்து 1845 வரை இருந்த டேனிஷ்காரர்களின் (டென்மார்க் நாட்டவரின்) ஆவணங்களும் என் துறை அல்ல. அவற்றில் அறிஞர்கள் நிலைநாட்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஒரு கட்டடத்துக்கு ஒரே ஒரு வயது என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அஸ்திவாரம் ஒரு காலம், சுவர் ஒரு காலம், கூரை ஒரு காலம், பூச்சு போன வருடத்தது. பலகை எழுதுகிறவர் இவற்றில் மிகப் பழைய ஆண்டை எடுத்துக்கொள்கிறார். முகப்பில் ஆண்டு பொறிக்கிறவர் தான் கட்டிய ஆண்டைப் பொறிக்கிறார். இருவர் சொல்வதும் பொய்யில்லை, ஆனால் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. எனவே தரங்கம்பாடியில் ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் நின்று, "இந்த ஆண்டு இதில் எந்தப் பகுதிக்கு உரியது?" என்று கேட்டுப் பாருங்கள்.

நடை. பொறையாறு பக்கமிருந்து வருகிற எல்லோரும் நகர வாயிலில் இறங்கி, அங்கேயே படம் எடுக்கத் தொடங்கி, ராஜா வீதி முழுக்க நின்று நின்று கடலுக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். நீங்கள் வாயிலில் நிற்காமல் நேராகக் கடற்கரைக்குப் போய்விடுங்கள். வாயிலிலிருந்து கோட்டை மைதானம் வரை ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்தான். காலை ஆறரைக்குக் கடலோரத்தில் தொடங்கி மேற்கு நோக்கி நடந்து வந்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. இன்னொரு காரணமும் உண்டு. ஊரின் மிகப் பழைய சின்னம் கடலோரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் கால வரிசையும் ஓரளவு சேர்ந்தே வரும்.

அந்தச் சின்னம் கோட்டை அல்ல, மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. இதை அம்மா அப்பாவிடம் அவசியம் சொல்லுங்கள். 'பாடும் அலைகளின் ஊர்' என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதைத்தான் எல்லோரும் கேட்டிருப்பார்கள். தரங்கம் என்றால் அலை, அது சரி. ஆனால் பாடி என்பது பாடுவது அல்ல, குடியிருப்பு. ஆயர்பாடியில் உள்ள அதே பாடி. அழகான விளக்கம் என்பதற்காகத் தவறான பொருளை ஏற்க வேண்டியதில்லை. 'டிராங்கெபார்' என்று ஐரோப்பியர் எழுதியதும் இதே பெயரைத்தான்.

கோயிலைப் பார்த்ததும் ஒரு ஏமாற்றம் வரலாம். 700 ஆண்டுப் பழமை என்று கேட்டுவிட்டுப் போனால் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி புதுக் கட்டுமானமும் புது வண்ணமும்தான். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கடல்நீர் சுவரை அறைந்த நிலையில் பல பத்தாண்டுகள் இடிபாடாக நின்று, பிறகுதான் திருப்பணி நடந்தது. நல்ல பழுதுபார்ப்பு என்றால் பழைய கல்லும் செங்கல்லும் முடிந்தவரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வழிபாடு நடக்கும் கோயிலுக்கு ஊர்மக்கள் புது விமானம் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நான் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. கல்வெட்டுள்ள கற்களை மட்டும் தேடிப் பாருங்கள். விரலால் தேய்க்க வேண்டாம், சுண்ணாம்போ மாவோ பூசிப் படம் எடுக்கவும் வேண்டாம்.

அங்கிருந்து கடலைப் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் கரையின் விளிம்பு அல்ல. 1733இல் டேனிஷ்காரர்கள் வரைந்த ஊர் வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள தெருக்களின் கட்டமைப்பு இன்றைக்கும் பெரிதும் அப்படியே பொருந்துகிறது, கிழக்கு விளிம்பைத் தவிர. கடலோரம் இருந்த மதிலும் நிலமும் போய்விட்டன. நீர் வற்றும் வேளையில் அலைக்குள் பழைய கட்டுவேலையின் கற்கள் தலைகாட்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்த ஊரை மிக மோசமாகத் தாக்கியது. பல குடும்பங்களை இழந்த மீனவர் தெருக்கள் இந்தக் கரையை ஒட்டியே இருக்கின்றன. வேடிக்கை பார்க்கிற முகத்தோடு அங்கே கேமராவைத் தூக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்டுக்கொள்கிறேன். 'ஓசோன் நிறைந்த கடற்கரை' என்று ஒரு பேச்சும் இங்கே உலவுகிறது. நாம் மூச்சு விடும் உயரத்தில் ஓசோன் கூடுதலாக இருந்தால் அது நுரையீரலுக்கு எரிச்சல்தான் தரும். அப்பாவுக்கு இங்கே நன்றாக மூச்சு விட முடிகிறது என்றால் அது கடற்காற்றின் கொடை.

அடுத்து கோட்டை. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவ கெட்டேக்கும் உடன்படிக்கை ஆனது. நாயக்கர் டேனிஷ் அரசருக்குத் தமிழில் எழுதி அனுப்பிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. இந்த ஊரைப் பற்றிய எல்லா ஆண்டுகளிலும் சந்தேகத்துக்கு இடமே இல்லாதது இந்த 1620. ஆனால் நீங்கள் பார்க்கும் டான்ஸ்போர்க் கோட்டை முழுவதும் 1620இன் கோட்டை அல்ல. அந்த ஆண்டு தொடங்கிய வேலை, பிறகு தலைமுறை தலைமுறையாக இடித்தும் கூட்டியும் மாற்றியும் வந்தது. கடைசிப் பெரிய பழுதுபார்ப்பு 2000களில் டென்மார்க் நாட்டு ஆர்வலர்களின் உதவியோடு நடந்தது. பழைய உணர்வை நன்றாகத் தரும் பகுதி கீழ்த்தளம்தான். வளைவுக் கூரையிட்ட அறைகள், சரக்கு வைக்கவும் வீரர்கள் தங்கவும் கைதிகளை அடைக்கவும் பயன்பட்டவை. மேல்தளத்தில் ஆளுநரின் இருப்பிடமும் தேவாலயமும் இருந்தன. இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது.

கீழ் அறை ஒன்றில் நின்று மேலே பாருங்கள். விட்டமோ இரும்போ கிடையாது. செங்கல் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும் வளைவு மட்டும். வளைவின் பாரம் பக்கவாட்டில் உதைக்கும், அதனால்தான் சுவர் அத்தனை பருமன். கடலோரக் காற்றில் மரமும் இரும்பும் படும் பாட்டைத் தெரிந்தவர்கள் சரக்கறையை இப்படிக் கட்டியதில் வியப்பில்லை. மேலேறிப் பார்த்தால் அந்த வளைவுகளின் முதுகு ஒட்டகத் திமில் போலத் தெரியும் என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். அந்த உவமை பொருத்தமானதுதான். பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால் மேலே ஏற்ற வேண்டாம். கீழ்த்தளம் மட்டும் போதும், அங்கே நிழலும் உண்டு.

கோட்டைக்கு எதிரே மைதானத்தின் மறுபுறம், வரிசையாகத் தூண்கள் நிற்கும் வெள்ளை மாளிகை, ஆளுநர் மாளிகை. 1770களில் தனியார் வீடாக எழுந்து, 1784இல் டேனிஷ் அரசு வாங்கியது. நார்வேயில் பிறந்த பீட்டர் ஆங்கர் 1788 முதல் 1806 வரை இங்கே ஆளுநராக இருந்தார். தென்னிந்தியக் கோயில்களையும் ஊர்களையும் நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளிய மனிதர் அவர். பின்னாளில் இந்த மாளிகை சீரழிந்து, கூரை சரிந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் பங்களிப்போடு அதைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆகவே தூண்களின் வடிவம் 18ஆம் நூற்றாண்டு, மேலே உள்ள பூச்சும் கூரையின் பெரும்பகுதியும் நம் காலத்தவை. வேலை சுண்ணாம்பிலேயே நடந்ததால் இந்தக் கலப்பு எனக்கு உறுத்தவில்லை. பக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் பங்களா டேனிஷ் கட்டடம் என்று பலர் எழுதுகிறார்கள். அது ஆங்கிலேயர் காலத்து ஆட்சியர் பங்களா, இன்று தங்கும் விடுதி.

இனி ராஜா வீதியில் மேற்கு நோக்கி நடங்கள். ஒன்றுக்கொன்று சில அடி தூரத்தில் இரண்டு தேவாலயங்கள் வரும். ஆண்டுக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. சீயோன் ஆலயம் 1701இல் அர்ப்பணிக்கப்பட்டது. டேனிஷ் அதிகாரிகளின் வழிபாட்டுக்கு எழுந்தது. 1707 மே 12 அன்று ஐந்து பேர் இங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். தமிழ்நாட்டு சீர்திருத்தக் (புராட்டஸ்டன்ட்) கிறித்தவத்தின் வரலாற்றில் அது ஒரு தொடக்கப் புள்ளி. ஆனால் நீங்கள் பார்க்கும் கட்டடத்தின் கூரையும் கோபுரமும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டவை. "இந்தியாவின் மிகப் பழைய புராட்டஸ்டன்ட் ஆலயம்" என்று யாராவது சொன்னால் மரியாதையோடு மறுத்துவிடலாம். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி ஆலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது.

மற்றது புது எருசலேம் ஆலயம். என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான கட்டடம் இதுதான். 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கிய ஜெர்மானிய மறைப்பணியாளர் பார்த்தொலோமேயு சீகன்பால்கு கட்டியது. அவர் 1707இல் எழுப்பிய முதல் எருசலேம் ஆலயம் கடலால் பாழானது. பிறகு கரையிலிருந்து உள்ளே தள்ளி 1717இல் அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபர் 11 அன்று இதை அர்ப்பணித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்தார், வயது 36. ஆலயத்துக்குள் பீடத்தின் அருகில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். முகப்பில் மகுடத்தோடு அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரையும் 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. ஆண்டும் சுவரும் பெரும்பாலும் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது. சிலுவை வடிவத் தரைப்படத்தில் நான்கு கைகளும் ஏறக்குறைய ஒரே அளவு. நடுவில் நின்று பிரசங்கித்தால் நான்கு பக்கத்துக்கும் குரல் எட்டும். ஆண்கள், பெண்கள், வெவ்வேறு மொழிக்காரர்கள் தனித்தனியே உட்காரவும் அந்த வடிவம் வசதியாக இருந்தது. யார் எந்தக் கையில் உட்கார்ந்தார்கள் என்பதற்கு வழிகாட்டிகள் நிறையக் கதை சொல்வார்கள். சுவரைப் பார்த்து அதை உறுதி செய்ய முடியாது. கேட்டுக்கொள்ளுங்கள், எழுதிவிடாதீர்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். இரண்டும் இன்றும் சபை கூடும் ஆலயங்கள், வெவ்வேறு திருச்சபைகளைச் சேர்ந்தவை.

சீகன்பால்கு என்றதும் அச்சகம் வரும், கூடவே ஒரு மிகையும் வரும். 'இந்தியாவின் முதல் அச்சகம்' என்பது தவறு. கோவாவில் 1556இலேயே அச்சு இயந்திரம் இயங்கியது. தமிழ் எழுத்தில் நூல் 1578இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் உண்மையான பெருமைக்கு இந்த மிகை தேவையே இல்லை. 1712இல் இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன, எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள், 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். காகிதமும் தாங்களே செய்ய முயன்று ஒரு ஆலை வைத்தார்கள். பொறையாறு பக்கம் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அதை நினைவில் வைத்திருக்கிறது. அட்மிரல் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு அருங்காட்சியகம் உண்டு. அம்மா அப்பா உட்கார்ந்து இளைப்பாறவும் அது தோதான இடம். அதே மனிதரை டேனிஷ் தளபதி 1708இன் இறுதியில் கோட்டைக்குள் நான்கு மாதம் சிறை வைத்தார் என்பதையும் சொல்லுங்கள். காலையில் பார்த்த அந்த வளைவுக் கூரை அறைகள் அப்போது வேறு மாதிரி நினைவுக்கு வரும்.

இதுவரை பெரிய கட்டடங்கள். ஆனால் தரங்கம்பாடியில் நான் மாணவர்களை அதிக நேரம் நிறுத்துவது பெயரில்லாத வீடுகளின் முன்னால்தான். ராணி வீதி, தட்டார் தெரு, பள்ளிவாசல் தெரு. இங்கே முகப்பில் ஆண்டு இருக்காது. வீட்டை வைத்தே காலத்தைப் படிக்க வேண்டும். முதல் தடயம் ஓடு. அரைவட்டமாக வளைந்த சிறிய நாட்டு ஓடு என்றால் பழைய முறை. தட்டையாக, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் சிவப்பு மங்களூர் ஓடு என்றால், அந்தக் கூரை 1865க்கு முந்தையதாக இருக்கவே முடியாது. அந்த ஆண்டுதான் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மறைப்பணிச் சங்கம் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. கவனியுங்கள், கூரைக்குத்தான் அந்த வயது. சுவர் நூறு வருடம் முந்தியதாக இருக்கலாம். டேனிஷ் காலத்து வீடு என்று சொல்லி மங்களூர் ஓட்டைக் காட்டுகிறவர்களிடம் டேனிஷ்காரர்கள் 1845இலேயே போய்விட்டார்கள் என்று நினைவூட்டலாம்.

இரண்டாவது தடயம் தளம். திறந்திருக்கும் தாழ்வாரம் கிடைத்தால் மேலே பாருங்கள். தேக்குக் குறுக்குக்கட்டைகளுக்கு மேல் சிறுசிறு தட்டைச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, சாய்வு வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதுதான் மெட்ராஸ் டெரஸ். அதற்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவார்கள். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த கொத்தனார் தளத்தின் மேல் நடந்துபோய், குதிகால் படும் ஓசையை வைத்தே எங்கே உளுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கல்லூரியில் நான் படித்த எதையும்விட அந்தக் காதுதான் பிறகு எனக்கு அதிகம் உதவியது.

மூன்றாவது பூச்சு. கடற்கரை ஊர் என்பதால் இங்கே கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பான கல்லால் தேய்த்தால் பளிங்கு போல் குளிர்ச்சியாக இருக்கும். உள்ளே அனுமதித்தால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சிமெண்டில் அந்தக் குளிர்ச்சி வராது. இப்போது எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நான் விரும்பும் ஒன்று. பழைய சுவரின் அடியில், தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்துக்கு, சாம்பல் நிறத்தில் புதுப் பூச்சு தெரிந்தால் அதற்குச் சற்று மேலே பாருங்கள். அங்கே பழைய காரை பொருமி, உதிர்ந்து, செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் தரையிலிருந்து சுவரில் ஏறுவது இந்த மண்ணில் இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமெண்ட் முடியும் இடத்தில் வெளிவந்து காயும். அங்கே உப்பு படிகமாகி விரிந்து செங்கல்லை உடைக்கும். ஒரு வீட்டில் பெரியவர் நல்ல மனத்தோடு சேமிப்பைப் போட்டுக் கீழ்ச்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசினார். ஐந்தாறு மழைக்காலத்தில் 200 வருடம் நின்ற சுவர் அரித்துப்போனது. அதைப் பழுதுபார்க்கப் போனவன் நான். அவரிடம் காரணத்தைச் சொன்ன அந்த மாலை எனக்கு இன்றும் கனமாகவே இருக்கிறது. பூசியவர்கள் யாரும் அவரிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை.

இதற்கு மாறான காட்சி தட்டார் தெருவில் இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு, மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு ஒரு டேனிஷ் அறக்கட்டளையின் நிதியோடு அங்கே சாதாரண வீடுகளை வரிசையாகப் பழுதுபார்த்தது. திண்ணை, மரத்தூண், உள்முற்றம், ஓட்டுத் தாழ்வாரம். ஆளுநர் மாளிகையைக் காப்பாற்ற யாராவது வருவார்கள். ஒரு சின்னத் திண்ணை வீட்டைக் காப்பாற்ற வருபவர்கள் குறைவு, அதனால்தான் இந்தத் தெருவைத் தவறவிடாதீர்கள் என்கிறேன். டேனிஷ் ஊர், டேனிஷ் ஊர் என்று சொல்லிச் சொல்லி, மதிலுக்குள் வாழ்ந்தவர்களில் பெரும்பான்மை தமிழர்கள் என்பதே மறந்துபோகிறது. சீகன்பால்குவும் தமிழ் கற்றது ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம்தான். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பெரிய வீடுகளின் தூண் ஐரோப்பியப் பாணியில் இருக்கும், உள்ளே போனால் முற்றம் நம்முடையது, கட்டிய கையும் நம் கொத்தனார் கை. இதை ஒரே சொல்லில் டேனிஷ் என்றோ தமிழ் என்றோ முத்திரை குத்துவது எனக்குச் சம்மதமில்லை.

இவ்வளவும் எப்படித் தப்பியது என்று கேட்கலாம். ஊர் நொடித்துப்போனதால் தப்பியது. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் தலைமையிடம் இங்கே இருந்தது, பிறகு அதுவும் போனது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் கப்பல் வணிகம் அங்கே திரும்பியது. இந்த ஊருக்கு ரயில் வந்தது 1926இல்தான், அந்தப் பாதையையும் 1986இல் மூடிவிட்டார்கள். பணம் இருந்திருந்தால் பழைய வீடுகளை இடித்துப் புதுசு கட்டியிருப்பார்கள். இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் ரசிக்கும் பழமை பலருடைய பிழைப்பு போனதால் மிஞ்சியது.

இப்படி வந்தால் ஒன்பதரை, பத்து மணிக்கு நகர வாயிலுக்கு வந்து சேர்வீர்கள். காலையில் நிற்காமல் கடந்த இடம். வெளியே போய்த் திரும்பி நின்று பாருங்கள். டேனிஷ் அரச முத்திரையும் 1792 என்ற ஆண்டும் தெளிவாக இருக்கும். அந்த ஆண்டு, இப்போது நிற்கும் இந்த வாயிலுக்குரியது. இதே வழியில் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வாயில் இருந்தது, அதை மாற்றித்தான் இதைக் கட்டினார்கள். நீங்கள் நடந்துவந்த வீதியோ அதற்கும் முந்தியது. மதில் போய்விட்டதால் வாயில் மட்டும் தனியே நிற்கிறது.

பெற்றோருக்கு வெயில் ஆகாது என்றால் கோயில், கோட்டையின் கீழ்த்தளம், புது எருசலேம் ஆலயம், தட்டார் தெரு, இந்த நான்கு மட்டும் போதும். மீதியை நடந்துபோகும்போது பார்த்துக்கொள்ளலாம். மைதானத்தில் நிழல் கிடையாது, குடை எடுத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்களின் விடுமுறை நாளை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தட்டார் தெருவில் யாராவது திண்ணையில் உட்கார்ந்திருந்தால் கேட்டுவிட்டு அம்மாவையும் அங்கே சற்று உட்காரவையுங்கள். தலைக்கு மேல் என்ன ஓடு இருக்கிறது என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.